மன்னார்க் கடலின் பவளப் பாறைகள்: ஒரு காவலின் வரலாறு

பவளம் என்றதும் நம் நினைவிற்கு வருவது நவமணிகளுள் ஒன்றாகிய செம்பவளமே. துகிர் என்று பழந்தமிழர் வழங்கிய அம்மணி நம் கடலில் விளைந்ததன்று. நடுநிலக் கடலில் எடுக்கப்பட்டு, யவனர் கலங்களில் ஏறி வந்த பண்டம் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுந்த 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்செலவு நூல், முசிறியில் வந்திறங்கிய பொருள்களுள் பவளத்தையும் சேர்த்து எண்ணுகின்றது. கொற்கை முத்தைக் கொடுத்துக் கடல் கடந்த துகிரைப் பெற்ற தமிழகம், தன் கரையருகே கடலடியில் பரந்து கிடந்த பவளத்தை மணியாகக் கருதவில்லை. அதற்கு முருகைக்கல் என்று பெயரிட்டது. கல்லென்று பெயர் பெற்ற பின் கல்லுக்குரிய நடத்தையே அதற்குக் கிடைத்தது. வெட்டினர், சுட்டுச் சுண்ணாம்பாக்கினர், சுவர் எழுப்பினர். 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் மாதா கோயிற் சுவர்களை இன்றும் காண்போர், அவை கடலிலிருந்து வெட்டிய பவளக்கல்லால் ஆனவை என்பதை உற்று நோக்கி அறியலாம்.

இக்கல் கல்லன்று, உயிரின் ஈட்டம் என்பதை மேலைநாட்டு அறிஞர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கண்டனர். அதனைக் காக்கப்பட வேண்டிய விலங்கெனச் சட்டத்தின் முதற் பட்டியலில் இந்திய அரசு எழுதியது 2001-ஆம் ஆண்டில். அறிந்ததற்கும் காத்ததற்கும் இடையே கிடக்கும் அந்த நீண்ட காலத்தில் நாம் பெற்றவை சில, இழந்தவை சில. மன்னார் வளைகுடாவை முன்னிறுத்தி அவ்வரலாற்றைச் சுருங்க நோக்குவோம்.

இருபத்தொரு தீவுகள்

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்திற்குக் கரையை ஒட்டினாற்போல் ஒரு தீவு வரிசை செல்கின்றது. மண்டபத்தை அடுத்து ஏழு, கீழக்கரையை அடுத்து ஏழு, வேம்பாற்றை அடுத்து மூன்று, தூத்துக்குடியை அடுத்து நான்கு என இவை இருபத்தொன்று. குருசடை, பூமரிச்சான், மனோலி, முசல், தலையாரி, ஆனைப்பார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, கரியாசல்லி, வான் எனச் செல்லும் பெயர்களே கடலோடிகளின் அனுபவத்தைச் சொல்லும். குடிநீர் கிடைத்த தீவு எது, கிடைக்காத தீவு எது என்பதைக்கூடப் பெயரால் குறித்து வைத்தனர். சல்லி என்று முடியும் பெயர்கள் பலவற்றைக் காணும்போது, அலை உடைத்துக் குவித்த பவளச் சல்லியே அத்தீவுகளின் உடல் என்பது நினைவிற்கு வருகின்றது.

இத்தீவுகளைச் சுற்றியே பவளப் பாறைகள் வளர்ந்துள்ளன. பவளவுயிர் மிகச் சிறியது. கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிரித்துத் தன்னைச் சுற்றி ஒரு கிண்ணம் கட்டிக்கொள்கின்றது. அதன் திசுவிற்குள் நுண்பாசி ஒன்று குடியிருந்து, கதிரொளியால் உணவு சமைத்து வீட்டுக்காரனுக்கும் பகிர்ந்தளிக்கின்றது. பவளத்தின் நிறம் பெரும்பாலும் அப்பாசி தரும் நிறமே. தலைமுறை தலைமுறையாகக் கிண்ணத்தின்மேல் கிண்ணம் எழும்பிப் பாறையாகின்றது. கிளைத்து வளரும் இனங்கள் ஆண்டிற்குச் சில சென்டிமீட்டர் வளரும். திரண்டு வளரும் இனங்களோ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. ஒருவன் கடப்பாரையால் அரை நாளில் பெயர்த்தெடுக்கும் கல்லை அவ்வுயிர் கட்டி முடிக்க நூறாண்டு ஆகியிருக்கலாம். அப்பாறையே மீனுக்குக் குஞ்சு பொரிக்கும் இடம். அலையின் விசையைத் தணித்துத் தீவைக் காக்கும் அரணும் அதுவே.

முத்துக்கு இருந்த காவல்

கடலைக் காப்பது நம் அரசுகளுக்குப் புதிய செயலன்று. முத்துச்சிப்பி விளையும் திட்டுகளைப் 'பார்' என்பர். பாண்டியர் காலந்தொட்டு ஆங்கிலேயர் காலம் வரை, ஆண்டவர் எவராயினும் பார்களின்மேல் கண் வைத்திருந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் இதற்கெனத் தனி அலுவலர் இருந்தார். சலாபம் அறிவிக்குமுன் பார்களைச் சோதிப்பர். மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, முற்றியவையா என நோக்கி, முத்தை மதிப்பிட்டு, வருவாய் தேறும் என்று கண்ட பின்னரே குளிக்க இசைவு தருவர். முற்றாத பார்களைத் தொடலாகாது. பல ஆண்டுகள் சலாபமே இன்றிக் கழிந்ததும் உண்டு. தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. சங்கிற்கும் இவ்வாறே அரசின் தனியுரிமை இருந்தது.

பொறுத்திருந்து எடுத்தல், அளந்து எடுத்தல், ஓய்வு கொடுத்தல் ஆகிய பாதுகாப்பின் இலக்கணங்களை அரசு நன்கறிந்திருந்தது என்பதே இதிலிருந்து தெரிவது. ஆனால் அந்த அறிவு வருவாய் தந்த பொருளுக்கு மட்டுமே பயன்பட்டது. சிப்பி எண்ணப்பட்டது, சிப்பியின் பக்கத்தில் வளர்ந்த பவளத்தை எண்ணுவார் இல்லை.

எண்ணத் தொடங்கிய அறிஞர்கள்

அந்த எண்ணிக்கையை முதலில் தொடங்கியவர் அரசு ஊழியராயிருந்த அறிஞர்களே. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக 1885-ஆம் ஆண்டு பொறுப்பேற்ற எட்கார் தர்ஸ்டன், இராமேசுவரத்தின் பவளங்களையும் பிற கடலுயிர்களையும் திரட்டி, 1890-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு, உயிரினங்கள் பற்றிய குறிப்புகளை வெளியிட்டார். அவருக்குப் பின்வந்தவர்களுள் ஒருவரான கிரேவ்லி, குருசடைத் தீவின் கரையோர உயிர்களை ஆய்ந்து 1927-ஆம் ஆண்டில் அருங்காட்சியகத்தின் வெளியீடாக ஒரு தொகுப்பைக் கொணர்ந்தார். உயிரியலாரின் சொர்க்கம் என்று அச்சிறு தீவிற்குப் பெயர் வழங்கலாயிற்று.

நாடு விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டில் நடுவண் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தோன்றி, 1949 முதல் மண்டபத்தில் இயங்கியது. அதன் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறிய பின்னும் மண்டபத்து நிலையம் தொடர்ந்தது. இந்நிலையத்தைச் சேர்ந்த கோபிநாத பிள்ளை, இந்தியக் கடல்களின் பவள இனங்களை வகைப்படுத்துவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டார். 1986-ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தில் 94 பவள இனங்களை அவர் பட்டியலிட்டார். 1969-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் பவளங்களும் பவளப் பாறைகளும் பற்றிய ஆய்வரங்கு ஒன்று மண்டபத்திலேயே கூடியது. பவளம் பற்றி உலகம் பேசத் தொடங்கிய காலத்தில் அப்பேச்சிற்கு இடம் தந்தது இராமநாதபுரச் சீமையின் ஒரு சிற்றூர் என்பது தமிழர் நினைவிற் கொள்ளத்தக்கது.

கண்ணெதிரே கரைந்த தீவுகள்

அறிஞர் கூடிப் பேசிய அதே ஆண்டுகளில், சில கல் தொலைவில் வல்லங்கள் பவளக்கல்லை ஏற்றிக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. வீடு கட்டவும் சாலை போடவும் கல் வேண்டியிருந்தது. சுண்ணாம்புக் காளவாய்களுக்கு வேண்டியிருந்தது. கால்சியம் கார்பைடு செய்யும் ஆலைகளுக்கும் வேண்டியிருந்தது. அந்த ஆய்வரங்கின் கட்டுரைத் தொகுதி 1972-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் மகாதேவன், நாகப்பன் நாயர் என்னும் ஆய்வாளர் இருவர், மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் ஆண்டுதோறும் எடுக்கப்படும் பவளக்கல் சுமார் 60,000 கன மீட்டர் என்று மதிப்பிட்டனர். நோயின் பெயரும் அளவும் தெரிந்துவிட்டன. மருந்து கொடுப்பார் இல்லை.

பாறை அலையைத் தடுக்கும் வரை தீவு நிற்கும். பாறை போனால் அலை நேரே தீவின் மணலை அரிக்கும். கீழக்கரை வரிசையிலிருந்த பூவரசன்பட்டியும், தூத்துக்குடி வரிசையிலிருந்த விலங்குசல்லியும் இவ்வாறு தேய்ந்து கடலுள் மூழ்கின. அவற்றின் அழிவிற்குக் கல் வெட்டியதே முதன்மைக் காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. கல் வெட்டியவர்களை மட்டும் இதற்குப் பழிப்பது முறையாகாது. அன்றாடக் கூலிக்காகக் கடலில் இறங்கிய ஏழை உழைப்பாளிகள் அவர்கள். கல்லை வாங்கியவர்கள் கரையில் இருந்தனர். தடுக்க வேண்டியவர்களும் கரையில்தான் இருந்தனர்.

சட்டங்கள் வந்த வரிசை

1972-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. புலியையும் யானையையும் மனத்திற்கொண்டு எழுந்த அச்சட்டத்தில் தேசியப் பூங்கா அமைக்கும் வழி இருந்தது. கடலுக்கும் அவ்வழி பொருந்தும் என்பதைக் குசராத்தின் கட்ச் வளைகுடா காட்டிற்று. பவளமுள்ள அப்பகுதி 1982-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதற் கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. தமிழக அரசு 1983-ஆம் ஆண்டில் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றி, விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மீன்பிடிக்கலாகாது என விதித்தது. பின்னர் 1986-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், இருபத்தொரு தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டர்ப் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாக்கும் எண்ணத்தை அறிவிக்கை வாயிலாக வெளியிட்டது.

எண்ணத்தை அறிவித்தல் என்பது இச்சட்டத்தின் முதற்படியே. அவ்விடத்தில் யாருக்கு என்ன உரிமை உண்டென ஆட்சியர் கேட்டுத் தீர்த்த பின்னரே இறுதி அறிவிப்பு வரும். காட்டிற்குள் மேய்ச்சலுரிமை, விறகுரிமை ஆகியவற்றைக் கேட்டறியலாம். கடலுக்குப் பட்டா ஏது? தலைமுறைகளாக அத்தீவுகளில் வலை உலர்த்தியவரிடமும், நீரில் மூழ்கிப் பாசி எடுத்தவரிடமும் காட்டுவதற்கு ஓலையும் இல்லை, தாளும் இல்லை. எல்லையும் அவ்வாறே. கரைப்பக்கம் மூன்றரைப் பாக ஆழமும் கடற்பக்கம் ஐந்து பாக ஆழமும் எல்லையென வகுத்தனர். பாகக் கணக்கு மீனவருக்குப் பழக்கமானதே. எனினும் நீர்மேல் கோடு தெரிவதில்லை. வனத்துறையின் காவலர் படகு வந்து நின்றபோதுதான் பலருக்கும் அக்கோடு தெரிந்தது.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் இராமேசுவரம் முதல் கன்னியாகுமரி வரை 10,500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பூங்கா அதன் நடுவிலமைந்த கருவறை போன்றது; சுற்றியுள்ள கடலிலும் கரையிலும் மக்கள் வாழவும் தொழில் செய்யவும் இடமுண்டு. 1991-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை, பவளப் பாறைகளை மிகக் கண்டிப்பான காப்பிற்குரிய முதல் வகையில் வைத்தது. 2001-ஆம் ஆண்டில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு தன் உலக உயிர்க்கோளக் காப்பக வரிசையில் மன்னார் வளைகுடாவைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டு சூலையில், பாறை கட்டும் பவளங்கள் வனவுயிர்ச் சட்டத்தின் முதற் பட்டியலில் ஏறின. அன்று முதல் முருகைக்கல்லை வெட்டுவது, சட்டத்தின் கண்ணில் புலியைக் கொல்வதற்கு ஒப்பான குற்றமாயிற்று.

கரையில் வாழ்வோர்

சட்டப் பட்டியலைப் படிக்கும்போது வெற்றி வரலாறு போலத் தோன்றும். ஆயினும் பூங்கா அறிவிப்பு வந்த 1986-ஆம் ஆண்டிற்குப் பின்னும் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கல் வெட்டு ஓயவில்லை. அது முற்றிலும் நின்றது 2005-ஆம் ஆண்டளவில்தான். அதற்குக் காரணங்கள் பல. முதற் பட்டியலின் கடுந்தண்டனை ஒன்று. 2004-ஆம் ஆண்டு திசம்பரில் எழுந்த ஆழிப்பேரலை மற்றொன்று. இலங்கை நிலம் மறைப்பாக நின்றதோடு தீவுகளும் பாறைகளும் தங்களைக் காத்தன என்ற எண்ணம் கரையோர மக்களிடையே வேரூன்றியது. மூன்றாவது காரணம், கரைமக்களை நோக்கி அரசு திரும்பியது. 2000-ஆம் ஆண்டில் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை நிறுவப்பெற்றது. பன்னாட்டு உதவியோடு அது ஊர்தோறும் குழுக்களை அமைத்து, கடலை மட்டுமே நம்பியிராத வேறு பிழைப்பிற்குச் சிறு கடன்களை வழங்கியது.

இம்மாற்றத்தின் சுமையை மிகுதியாகத் தாங்கியவர்கள் பாம்பன், இராமேசுவரம், கீழக்கரைப் பகுதிகளின் பாசி எடுக்கும் பெண்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என அவர்கள் பெயர் சொல்லிப் பிரித்தறியும் கடற்பாசிகள், மருந்து முதல் உணவு வரை பல தொழில்களுக்கு மூலப்பொருள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கிப் பறிக்கும் தொழில் இது. பூங்கா எல்லை வந்தபின் தாயும் பாட்டியும் சென்ற தீவிற்கு மகள் சென்றால் குற்றம் என்றாயிற்று. அப்பெண்கள் வெறுமனே முறையிட்டு நிற்கவில்லை. தமக்குள் கூடி, மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பாசி எடுப்பதென்றும், வேரோடு பிடுங்குவதில்லை என்றும் முறை வகுத்துக்கொண்டு அதிகாரிகளோடு பேசினர். அவர்களை வழிநடத்திய சின்னப்பாலத்துப் பெண்மணி ஒருவருக்கு, தீவுகளின் காவலுக்காக வழங்கப்படும் பன்னாட்டுப் பரிசு 2015-ஆம் ஆண்டில் கிடைத்தது. முற்றாத பாரைத் தொடாதே என்று முன்னாளில் அரசு விதித்த ஒழுங்கை, இந்நாளில் எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பெண்கள் தாமே விதித்துக்கொண்டனர்.

நல்லெண்ணமும் இடறுவதுண்டு. மாற்றுத் தொழிலாகக் 'கப்பாஃபைகஸ்' என்னும் அயல்நாட்டுப் பாசி இக்கரையில் வளர்க்கப்பட்டது. மிதவைகளில் கட்டி வளர்த்தால் விரைந்து பெருகிக் குடும்பத்திற்கு நிலையான வருவாய் தந்தது. ஆனால் அது குருசடைத் தீவின் பவளத்தின்மேல் படர்ந்து ஒளியை மறைப்பதை 2008-ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். அதன்பின் படர்ந்த பாசியைக் கையால் அகற்றும் வேலையும் வனத்துறையின் மேல் விழுந்தது. கரைமக்களின் பிழைப்பும் பவளத்தின் உயிரும் ஒரே தட்டில் நிறுக்கப்பட வேண்டியவை. ஒன்றை மறந்து மற்றொன்றைப் பார்த்தால் இரண்டும் கெடும்.

எல்லைக்கு வெளியிலிருந்து வரும் வெப்பம்

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2003 முதல் 2005 வரை தீவுகளனைத்தையும் மூழ்கி ஆய்ந்தது. பவளப் பாறைப் பரப்பு 110 சதுர கிலோமீட்டர் என்றும், அதில் 32 சதுர கிலோமீட்டர் கல் வெட்டினால் ஏற்கெனவே சீரழிந்தது என்றும் அவ்வாய்வு கண்டது. பவள இனங்களின் எண்ணிக்கை 117 ஆயிற்று. கல் வெட்டு நின்றபின் பல இடங்களில் பவளம் தானே துளிர்த்தது. விடுத்தாலே போதும், கடல் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும் என்ற நம்பிக்கை பிறந்தது.

ஆனால் அதற்குள் வேறொரு பகை எழுந்துவிட்டது. கோடையில் கடல்நீரின் வெப்பம் அளவு கடக்கும்போது, பவளம் தன்னுள் குடியிருந்த நுண்பாசியை வெளியேற்றி வெளிறிவிடுகின்றது. வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிடில் பவளம் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016-ஆம் ஆண்டுகளில் இவ்வெளிறல் இங்குக் கடுமையாயிருந்தது. 2016-ஆம் ஆண்டில் மட்டும் உயிருள்ள பவளத்தின் பரப்பு விகிதம் ஏறத்தாழ 39-லிருந்து 23 விழுக்காட்டிற்கு இறங்கியது. கடப்பாரையைத் தடுக்கக் காவலரும் நீதிமன்றமும் உண்டு. வெப்பத்தை எந்தக் காவற்படகு தடுக்கும்? உலகமெங்கும் எரியும் நிலக்கரியின் கணக்கு மன்னார்க் கடலில் வந்து தீர்கின்றது. அக்கணக்கில் கரையோர நாடுகள் அனைத்திற்கும் பங்குண்டு. மின்விளக்கின் கீழ் இதனைப் படிக்கும் நமக்கும் உண்டு.

அரசும் கைகட்டி நிற்கவில்லை. தூத்துக்குடிக்கருகே வான் தீவு தேய்ந்து, 2014-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 2 எக்டேராகச் சுருங்கியது. பூவரசன்பட்டியின் கதி அதற்கும் நேருமென்று கண்ட அரசு, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் துணையோடு துளையுள்ள கற்காரைக் கட்டிகளை வடிவமைத்து, 2015-ஆம் ஆண்டின் இறுதி முதல் தீவின் கடற்பக்கத்தில் வரிசையாக இறக்கியது. அலையின் விசை தணிந்தது, மணல் மீண்டும் சேர்ந்தது, கட்டிகளின்மேல் பவளம் ஒட்டி வளரலாயிற்று. அம்முறையைக் கரியாசல்லிக்கும் விரிவாக்க அரசு திட்டம் வகுத்தது. ஒரு தலைமுறை இலவசமாக வெட்டியெடுத்த கல்லுக்கு ஈடாக, அடுத்த தலைமுறை கோடிக்கணக்கில் செலவிட்டுக் கல் வார்த்துக் கடலில் இடுகின்றது. காலத்தே செய்யாத காவலின் விலை இதுவென்று கொள்ளலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் நம் குடும்பங்கள் பல, இராமேசுவரம் செல்வதை ஒரு கடமையாகவே கொண்டுள்ளன. 1914-ஆம் ஆண்டின் பழைய பாம்பன் பாலத்தைக் கடந்தவர் உண்டு. 2025-ஆம் ஆண்டில் திறந்த புதிய பாலத்தைக் கடக்கப் போகிறவர் உண்டு. வண்டி கடலுக்குமேல் செல்லும்போது நம் பிள்ளைகளுக்குத் தெற்குப் பக்கத்தைக் காட்டுவோம். அங்கே தெரியும் பச்சைக் கீற்று குருசடைத் தீவு என்றும், அதற்கப்பால் அத்தகைய தீவுகளின் வரிசை தூத்துக்குடி வரை செல்கின்றது என்றும் சொல்வோம். அரசின் ஏடுகளில் அவை இன்றும் இருபத்தொன்று என்றே எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு நீருக்கு அடியில் இருக்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்வோம்.